மின்னலை அளந்த மேதை

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அண்மையில் உள்ளது பத்மநாபபுரம். திருவிதாங்கூர் மன்னர்கள் வீற்றிருந்து ஆண்ட பழைய தலைநகர் அது. கருங்கல் மதில் சூழ்ந்த கோட்டைக்குள், மரவேலைப்பாட்டிற்குப் பெயர்பெற்ற அரண்மனை இன்றும் பொலிவுடன் நிற்கின்றது. அதனைக் காணச் செல்வோர் இரண்டு பொருள்களை மறவாது நோக்குவர். ஒன்று, மேடைமீது வைக்கப்பட்டுள்ள உருண்டைக் கல். ஏறத்தாழ 38 கிலோ எடையுள்ள அக்கல்லைத் தலைக்குமேல் பலமுறை தூக்கிக் காட்டிய இளைஞரையே முற்காலத்தில் படையிற் சேர்த்தனர் என்று அங்குள்ளோர் வழிவழியாகக் கூறி வருகின்றனர். மற்றொன்று, முகப்பு மண்டபத்தில் சங்கிலியில் தொங்கும் குதிரை விளக்கு. மின்னொளி இல்லாத நாளில் அரண்மனைக்கு வருவோரை வரவேற்ற எண்ணெய் விளக்கு அது.

கல், மனிதனுடைய உடல்வலியை அளந்தது. விளக்கு, அவனுக்கு ஒளி தந்தது. இன்று பத்மநாபபுரத்துத் தெருக்களில் மாலைப்பொழுதில் எரிவன மின்விளக்குகள். அவற்றிற்கு வேண்டிய மின்னாற்றல் மலைகளுக்கும் வயல்களுக்கும் அப்பாலிருந்து கம்பி வழியே வருகின்றது. அவ்வாறு வருவதற்குரிய கணக்கை உலகிற்கு வகுத்துக் கொடுத்த அறிஞர்களுள் தலைசிறந்த ஒருவர், அந்த உருண்டைக் கல்லைத் தூக்கும் ஆற்றல் சிறிதும் இல்லாதவர். அவர் உயரம் ஏறக்குறைய நான்கடியே. முதுகு கூனியவர், நடை ஒருபுறம் சாய்ந்தவர். கல்லால் அளந்திருந்தால் அவரை உலகம் இழந்திருக்கும். ஒருமுறை இழக்கவும் இருந்தது. அவரே சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டைன்மெட்ஸ் என்னும் பெரியார்.

பிறப்பும் இளமையும்

ஸ்டைன்மெட்ஸ் 1865ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பிரெஸ்லா என்னும் நகரில் பிறந்தார். அந்நாளில் பிரஷ்ய அரசின் ஆட்சியில் இருந்த அந்நகர், இந்நாளில் விராட்சுலாவ் என்னும் பெயருடன் போலந்து நாட்டில் உள்ளது. பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் கார்ல் ஆகஸ்ட் ருடால்ப் என்பது. தந்தையார் இருப்புப்பாதை அலுவலகத்தில் அச்சுப்பணி செய்து வந்தார். தாயார், மகனுக்கு ஏறத்தாழ ஓராண்டு நிரம்பிய அளவில் காலமானார். ஆதலின் பாட்டியாரின் அரவணைப்பிலேயே குழந்தை வளர்ந்தது.

குழந்தையின் முதுகு பிறவியிலேயே கூனியிருந்தது. இடுப்பு மூட்டும் செவ்வனே பொருந்தவில்லை. ஒத்த வயதுடைய பிள்ளைகள் வளர்ந்தபோது அவர் மட்டும் குட்டையாகவே நின்றார். இக்குறை அவர் குடும்பத்திற்குப் புதியதன்று. தந்தைக்கும் பாட்டனார்க்கும் அதே கூன் இருந்தது. தாம் பட்ட துன்பத்தை நன்கறிந்திருந்த தந்தையார், மகனுடைய குறையை எண்ணி நாணவுமில்லை; அவனை மறைத்து வைக்கவுமில்லை. நூலும் கல்வியும் தாராளமாகக் கிடைக்கச் செய்தார். அன்புடைய பாட்டியாரும் அறிவுடைய தந்தையாரும் வாய்த்தது அக்குழந்தை பெற்ற பேறு எனலாம்.

வளர்ச்சிக் குறையின் இயல்பு

குழந்தைகளின் வளர்ச்சி குன்றுவதற்கு உரிய காரணங்கள் பல. எலும்பின் முனைகளில் உள்ள குருத்தெலும்பில் கோளாறு நேரலாம். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி போதிய வளர்ச்சிநீரைச் சுரவாது போகலாம். பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக்களில் மாறுதல் ஏற்படலாம். ஸ்டைன்மெட்ஸ் பிறந்த நாளில் இவற்றை மருத்துவர்கள் தெளிவாகப் பகுத்தறியவில்லை. குட்டையாய் இருப்போர் எல்லாரையும் ஒரே வகையினராகக் கருதிவிட்டனர்.

அவர் மறைந்து முப்பது ஆண்டு கழிந்தபின், 1953ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஹென்றி சில்வரும் அவருடைய தோழர்களும் அரிய குழந்தைநோய் ஒன்றை விளக்கி எழுதினர். அடுத்த ஆண்டில் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் ரசல் என்பவரும் அத்தகைய குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஆகவே அது சில்வர் ரசல் நோய் எனப் பெயர் பெற்றது. இந்நோயுடைய குழந்தை பிறக்கும்போதே எடை குறைந்திருக்கும். முகம் முக்கோண வடிவாகத் தோன்றும். பலருக்கு உடலின் ஒரு பக்கம் மறுபக்கத்தினும் சற்றுச் சிறுத்திருக்கும். உணவில் விருப்பம் இராது, உயரம் மிகாது. மரபணுக்களின் எழுத்து மாறாதிருந்தும், அவற்றை இயக்கவும் அடக்கவும் செய்யும் வேதியற் குறிகள் மாறுவதால் பலருக்கு இந்நோய் உண்டாகின்றது என்று இன்றைய மருத்துவர் கண்டுள்ளனர். முறையான உணவும், தேவை கண்டு கொடுக்கும் வளர்ச்சிநீர் மருந்தும் இத்தகைய குழந்தைகளுக்கு உதவுகின்றன.

ஸ்டைன்மெட்ஸின் குறை இந்நோயன்று. அவர் குடும்பத்தில் வழிவழி வந்த வேறொரு குறையாகும். ஆயினும் இவ்விரண்டும் நமக்கு உணர்த்தும் உண்மை ஒன்றே. உடல் வளராமை எவருடைய பிழையும் அன்று. பெற்றோர் செய்த தீமையின் பயனும் அன்று. எலும்பு குறுகியதனால் அறிவும் குறுகிவிட்டது என்று முடிவு கட்டுவது பேதைமை.

கல்வியும் புதுப்பெயரும்

ஸ்டைன்மெட்ஸ் பள்ளியில் கணக்கிலும் மொழிகளிலும் சிறந்து விளங்கினார். பள்ளி இறுதியில் ஆசிரியர்கள் முன்னிலையில் வாய்மொழித் தேர்வு ஒன்று நடைபெறுவது வழக்கம். அதற்கெனத் தனியுடையும் அணிதல் வேண்டும். அவரும் விலை கொடுத்து அவ்வுடையைச் சித்தம் செய்துகொண்டார். ஆனால் எழுத்துத் தேர்வில் அவர் காட்டிய சிறப்பினால் வாய்மொழித் தேர்வு அவருக்குத் தேவையில்லை என்று பள்ளியார் அறிவித்துவிட்டனர். ஆசையோடு வாங்கிய உடை அணியப்படாமலே கிடந்தது என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர்.

1883ஆம் ஆண்டில் அவர் பிரெஸ்லாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கணக்கியல், இயற்பியல், வேதியியல், வானியல் எனப் பல துறைகளையும் ஆர்வத்துடன் பயின்றார். கணக்கியல் மாணவர் கழகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபெயர் சூட்டுவது வழக்கம். தோழர்கள் அவருக்குப் புரோட்டியஸ் என்று பெயரிட்டனர். கிரேக்கர் புராணங்களில் வரும் புரோட்டியஸ் கடலில் வாழும் முதியவர். தம்மைப் பிடிக்க வருவோருக்குத் தப்புவதற்காக அவர் பல உருவங்களாக மாறுவார். எவ்வுருவம் எடுத்தாலும் விடாது பற்றியவர்க்கு மறைபொருளை உரைப்பார். பொதிய மலைத் தமிழ்முனிவர் அகத்தியரை நம் நாட்டார் குறுமுனி என்று அன்போடும் மதிப்போடும் அழைப்பது போன்றதே இதுவும். பல துறையிலும் புகுந்து விளையாடிய அறிவைக் கண்டு பெயரிட்டனர். அப்பெயரை அவர் தம் வாழ்நாள் முழுவதும் போற்றினார்.

நாடு துறத்தல்

அந்நாளில் ஜெர்மனியின் தலைமை அமைச்சராக விளங்கியவர் பிஸ்மார்க். சமதர்மக் கொள்கையுடையோரை அடக்குவதற்கு அவர் கடுஞ்சட்டம் இயற்றியிருந்தார். உழைப்போர் நிலை உயர வேண்டும் என்று விரும்பிய ஸ்டைன்மெட்ஸ் அக்கொள்கையைத் தழுவினார். அக்கட்சியின் இதழிலும் பணியாற்றினார். காவலரின் பார்வை அவர்மீது விழுந்தது. டாக்டர் பட்டத்திற்கு உரிய ஆராய்ச்சியுரையை அவர் எழுதி முடித்திருந்தார். பட்டம் பெறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவ்வேளையில் தம்மைச் சிறைப்படுத்தப் போகின்றனர் என்பதை அறிந்தார். பட்டம் ஒருபுறம், உரிமை ஒருபுறம். 1888ஆம் ஆண்டில் அவர் பிரெஸ்லாவை விட்டு வெளியேறிச் சுவிட்சர்லாந்து நாட்டுச் சூரிச் நகரை அடைந்தார். பிறந்த ஊரில் மீண்டும் வாழும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவே இல்லை.

சூரிச் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் அவர் கல்வியைத் தொடர்ந்தார். அங்கு ஆஸ்கார் அஸ்முசென் என்னும் மாணவர் அவருக்கு உற்ற நண்பரானார். அஸ்முசென் அமெரிக்கா செல்லப் புறப்பட்டபோது ஸ்டைன்மெட்ஸையும் உடனழைத்துச் சென்றார். கையில் பொருளில்லாத அவர்கள் கப்பலின் மிகத் தாழ்ந்த வகுப்பிலேயே பயணம் செய்தனர்.

துறைமுகச் சோதனை

1889ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் கப்பல் நியூயார்க் துறைமுகத்தை அடைந்தது. வெளிநாட்டிலிருந்து வருவோரை அங்குள்ள காஸில் கார்டன் என்னும் நிலையத்தில் அதிகாரிகள் சோதித்துப் பார்த்த பின்னரே நகருக்குள் விடுவர். தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாது பொதுமக்களுக்குச் சுமையாகக்கூடியவரை உள்ளே விடலாகாது என்று 1882ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் விதித்திருந்தது.

ஸ்டைன்மெட்ஸ் அதிகாரியின் முன் நின்றார். அதிகாரி கண்டவை யாவை? நான்கடி உயரம், கூனிய முதுகு, சாய்ந்த நடை, நெடும்பயணத்தால் வாடிய முகம், வெறுங்கை, ஆங்கிலமும் அரைகுறை. அவர் மனத்தில் குவிந்திருந்த கணக்கியற் செல்வத்தைக் காட்டும் கருவி எதுவும் அந்நிலையத்தில் இல்லை. பத்மநாபபுரத்து உருண்டைக் கல்லைப் போன்றதோர் அளவுகோலே அங்கும் இருந்தது. அவரைத் திருப்பி அனுப்பிவிட அதிகாரிகள் எண்ணினர். திரும்பிச் சென்றால் அவருக்காகத் தாய்நாட்டில் காத்திருந்தது சிறைக்கூடம்.

அப்போது அஸ்முசென் முன்வந்தார். நண்பருடைய பேரறிவை எடுத்துரைத்தார். அவருடைய வாழ்க்கைச் செலவுக்குத் தாமே பொறுப்பு என்று உறுதி கூறினார். அதன்பின்னரே அதிகாரிகள் வழிவிட்டனர். அன்று ஒரு நண்பர் வாய்திறவாது நின்றிருப்பின் மின்னியலின் வரலாறு வேறாகியிருக்கும். தக்க தருணத்தில் பிறர்பொருட்டுப் பேசும் ஒரு சொல்லுக்கு எத்துணை ஆற்றல் உண்டு என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

முதற்பெருஞ் சாதனை

நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸ் நகரில் ருடால்ப் ஐக்மேயர் என்பவர் தொழிற்சாலை ஒன்று நடத்தி வந்தார். தொப்பி செய்யும் பொறிகளும் மின் பொறிகளும் அங்குச் செய்யப்பட்டன. ஐக்மேயரும் இளமையில் ஜெர்மனியின் அரசியல் கிளர்ச்சியில் ஈடுபட்டு, அந்நாட்டை விட்டு வந்தவரே. அவர் ஸ்டைன்மெட்ஸின் உருவத்தை நோக்காது அறிவை நோக்கினார். வாரம் 12 டாலர் சம்பளத்தில் படம் வரைவோராக அமர்த்தினார். பின்னர் ஆராய்ச்சி செய்வதற்குரிய வசதியையும் அளித்தார்.

அந்நாளில் மின்பொறியாளர்களுக்குப் பெருந்தொல்லை ஒன்று இருந்தது. மின் மோட்டார்களிலும் மின்மாற்றிகளிலும் உள்ள இரும்பு ஒரு திசையில் காந்தமாகி, அடுத்த கணத்தில் எதிர்த்திசையில் காந்தமாகின்றது. இவ்வாறு மாறும்போதெல்லாம் இரும்பு சற்றுத் தயங்குகின்றது. அத்தயக்கத்தால் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகி வீணாகின்றது. எவிங் என்னும் அறிஞர் ஆராய்ந்து பெயரிட்ட இதனைக் காந்தத் தயக்கம் என்பர். எவ்வளவு ஆற்றல் வீணாகும் என்பதை முன்கூட்டிக் கணக்கிடும் வழி தெரியாமையால், பொறியைச் செய்து ஓட்டிப் பார்த்து, அது அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் மாற்றிச் செய்யும் நிலையிலேயே பொறியாளர் இருந்தனர். பொருளும் காலமும் பாழாயின.

ஸ்டைன்மெட்ஸ் பல்வகை இரும்புகளைச் சோதித்தார். பிறர் கண்ட அளவுகளையும் ஒப்பிட்டார். எண்களின் குவியலுக்குள்ளே ஓர் ஒழுங்கு மறைந்திருப்பதைக் கண்டார். இரும்பு பெறும் காந்தச் செறிவின் உச்ச அளவை 1.6 என்னும் அடுக்கிற்கு உயர்த்தினால், வீணாகும் ஆற்றல் அதற்கு நேர்விகிதத்தில் அமைகின்றது என்பதே அவர் கண்ட விதி. 1892ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் முன் அதனை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 26. துறைமுகத்தில் தடுக்கப்பட்டு மூன்றாண்டும் நிறையாத காலத்துள், அந்நாட்டு மின்பொறியாளர் அனைவரும் அறியும் பெயராயிற்று அவர் பெயர்.

மாறுமின்னுக்குக் கணக்கு

மின்னோட்டம் இருவகைப்படும். ஒரே திசையில் ஓடுவது நேர்திசை மின்னோட்டம். ஒரு நொடியில் பலமுறை திசைமாறி ஓடுவது மாறுதிசை மின்னோட்டம். மின்னாற்றலை நெடுந்தொலைவு அனுப்பும்போது அழுத்தத்தை மிகுத்து அனுப்பினால் இழப்புக் குறையும். வீட்டிற்கு வரும்போது அழுத்தத்தைக் குறைத்தல் வேண்டும். இவ்விரண்டையும் மின்மாற்றி எளிதிற் செய்கின்றது. ஆனால் மின்மாற்றி மாறுதிசை மின்னோட்டத்திற்கே பயன்படும். ஆதலின் தொலைவிலுள்ள ஊர்களுக்கு ஒளியூட்ட அதுவே ஏற்றதாயிற்று. எனினும் அதனைக் கணக்கிடுவதோ பெருங்கடினம்.

அக்கடினத்தை ஓர் உவமையால் அறியலாம். ஓணத் திருநாளில் ஒரே மரக்கிளையில் இரண்டு ஊஞ்சல்கள் ஆடுகின்றன என்று கொள்வோம். இரண்டும் ஒரே வேகத்தில் ஆடினும், ஒன்று முந்தியும் மற்றொன்று பிந்தியும் ஆடலாம். ஓர் ஊஞ்சலின் ஆட்டத்தை முழுதும் உரைக்க வேண்டுமானால் இரண்டு செய்திகளைச் சொல்லுதல் வேண்டும். அது எவ்வளவு தொலைவு ஆடுகின்றது என்பது ஒன்று. எவ்வளவு முந்தியோ பிந்தியோ ஆடுகின்றது என்பது மற்றொன்று. மாறுதிசை மின்னோட்டத்தில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் இவ்விரு ஊஞ்சல்களைப் போன்றவை. சாதாரண எண் ஒன்று, ஒரு செய்தியைத்தான் தாங்கும். கணக்கியலார் கலப்பெண் என்று வழங்கும் எண்ணோ இரண்டு செய்திகளையும் ஒருங்கே தாங்க வல்லது. அதனை மின்கணக்கிற் புகுத்தினார் ஸ்டைன்மெட்ஸ். பக்கம் பக்கமாக நீண்ட உயர்கணிதக் கணக்குகள் சில வரிகளுள் அடங்கின. கூட்டலும் பெருக்கலும் அறிந்த பொறியாளர் எவரும் செய்யக்கூடியதாயிற்று அக்கணக்கு.

1893ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் நடைபெற்ற உலக மின்னியல் மாநாட்டில் அவர் இம்முறையை விளக்கினார். 1897ஆம் ஆண்டில் அதனை விரித்து நூலாகவும் வெளியிட்டார். உலகெங்கும் மின்பொறியியல் பயிலும் மாணவர் இன்றும் இம்முறையையே கற்கின்றனர். இதற்கிடையில் ஜெனரல் எலெக்ட்ரிக் என்னும் பெருநிறுவனம் ஐக்மேயரின் தொழிலை விலைக்கு வாங்கியது; ஸ்டைன்மெட்ஸும் அந்நிறுவனத்தில் சேர்ந்து, 1894ஆம் ஆண்டில் ஸ்கெனெக்டடி நகருக்குச் சென்றார். அமெரிக்கக் குடிமகனானபோது கார்ல் என்பதைச் சார்லஸ் என்று மாற்றிக்கொண்டார். நடுப்பெயராகத் தோழர்கள் சூட்டிய புரோட்டியஸ் என்பதையே வைத்துக்கொண்டார். 1901ஆம் ஆண்டில் அமெரிக்க மின்பொறியாளர் கழகம் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவருக்குச் சிறப்புப் பட்டம் வழங்கியது.

ஆசிரியரும் பொதுத்தொண்டரும்

1902ஆம் ஆண்டு முதல் அவர் ஸ்கெனெக்டடியில் உள்ள யூனியன் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியராகவும் விளங்கினார். அரும்பொருள்களைத் தெளிவுறக் கற்பிப்பதில் அவருக்கு மிகுந்த மகிழ்ச்சி இருந்தது.

நகரத்தின் கல்விக் குழுவில் அவர் ஆறாண்டுகள் இருந்தார். அவற்றுள் நான்காண்டு தலைவராகப் பணியாற்றினார். தொழிற்சாலைகளை நாடி அயல்நாடுகளிலிருந்து வந்து குடியேறிய ஏழைகளின் பிள்ளைகள் ஆங்கிலம் அறியாமல் பள்ளிகளில் பின்தங்கினர். ஸ்டைன்மெட்ஸ் அவர்களுக்கெனத் தனி வகுப்புகளை ஏற்படுத்தினார். மொழி அறியாது, கையில் காசின்றி, புறத்தோற்றத்தால் மதிப்பிடப்பட்டு ஒருநாள் துறைமுகத்தில் நின்றவர் அவர். அத்தகைய நிலையில் மற்றொரு குழந்தை கல்வியின் வாயிலில் தடுக்கப்படலாகாது என்பதில் அவர் உறுதியாய் இருந்தார். தாம் கடந்த வாயிலைப் பிறருக்கும் திறந்து வைப்பதே பெரியோர் இயல்பு.

இல்வாழ்க்கை

இத்துணைப் புகழுக்கிடையிலும் அவர் உள்ளத்தில் ஒரு துயரம் இருந்தது. பாட்டனார், தந்தையார், தாம் என மூன்று தலைமுறையாக வந்த உடற்குறை தம் மக்களையும் தொடரும் என்று அஞ்சினார். ஆதலின் அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆயினும் குழந்தைகளிடத்து அவருக்கிருந்த அன்பு பெரிது. ஜோசப் லீராய் ஹேடன் என்னும் இளைஞர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்கு உதவியாளராய் இருந்தார். ஹேடனுக்குத் திருமணம் நடந்தபின், கணவன் மனைவி இருவரையும் தம் வீட்டிலேயே வந்து வாழுமாறு ஸ்டைன்மெட்ஸ் வேண்டினார். பின்னர் ஹேடனைச் சட்டப்படி மகனாக ஏற்றுக்கொண்டார். ஹேடனுக்கு மூன்று குழந்தைகள் பிறந்தனர். அவர்களுக்குப் பாட்டனாராக இருந்து கதை சொல்லுவதிலும் வேடிக்கையான சோதனைகள் செய்து காட்டுவதிலும் அவர் பேரின்பம் கண்டார். குருதித் தொடர்பின்றியும் அன்பினால் ஒரு குடும்பம் உருவாகும் என்பதற்கு அவ்வீடு சான்றாயிற்று.

அவ்வீட்டில் கள்ளிச்செடிகளையும் அரிய ஆர்க்கிட் மலர்களையும் அவர் வளர்த்தார். பிறர் அஞ்சும் முதலை, நச்சுப்பல்லி முதலிய உயிர்களும் அங்கு இருந்தன. கோடைக்காலத்தில் மொகாக் ஆற்றங்கரையில் உள்ள சிறு குடிலுக்குச் செல்வார். தோணியின் குறுக்கே ஒரு பலகையை வைத்து, அதன்மேல் தாளை விரித்து, நீரில் மிதந்தவாறே நெடுங்கணக்குகளைப் போடுவார். கூனிய உடலுக்கு நாற்காலியினும் தோணியே இதமாக இருந்தது போலும்.

மின்னலை ஆராய்தல்

மின்கம்பிகள் நாடெங்கும் பரவிய காலத்தில் புதிய பகை ஒன்று தோன்றியது. வானத்து மின்னல் கம்பியைத் தாக்கினால் அழுத்தம் திடீரென மிகுந்து பொறிகள் பாழாகும். நகரமே இருளில் மூழ்கும். ஐப்பசி மழையில் மலையோரத்து ஊர்களில் இடியும் மின்னலும் எவ்வாறு அதிரும் என்பதை நாஞ்சில் நாட்டார் நன்கறிவர்.

1920ஆம் ஆண்டில் ஸ்டைன்மெட்ஸின் ஆற்றங்கரைக் குடிலையே மின்னல் தாக்கியது. அங்கிருந்த கண்ணாடி ஒன்று நொறுங்கிச் சிதறியது. பிறராயின் அத்துண்டுகளைப் பெருக்கி எறிந்திருப்பர். அவரோ ஒவ்வொரு துண்டையும் பொறுமையுடன் தேடியெடுத்து ஒன்றோடொன்று பொருத்தினார். மின்னல் கண்ணாடியில் ஓடிய வழி அத்துண்டுகளிற் புலனாயிற்று. அழிவுக்குள்ளும் அறிவுக்கு உரிய பாடம் இருப்பதை அவர் கண்டார்.

பின்னர் ஆராய்ச்சிக்கூடத்திலேயே செயற்கை மின்னலை உண்டாக்கும் பொறியை அமைத்தார். 1922ஆம் ஆண்டில் ஓரிலக்கம் வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தத்துடன் அப்பொறியிலிருந்து மின்னல் பாய்ந்தது. மரத்துண்டுகள் கண்ணிமைப்பதற்குள் பிளந்து சிதறின. காண்போர் வியந்தனர். ஆயினும் வேடிக்கை காட்டுவது அவர் நோக்கமன்று. கம்பிகளையும் பொறிகளையும் மின்னலினின்று காக்கும் கருவிகளைச் சோதித்துச் செம்மை செய்வதே நோக்கம். மின்விளக்கைப் பரப்பிய எடிசனும் அவ்வாண்டில் அவருடைய ஆராய்ச்சிக்கூடத்திற்கு வந்து செயற்கை மின்னலைக் கண்டு மகிழ்ந்தார்.

மறைவும் நினைவும்

1923ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் ஸ்டைன்மெட்ஸ் தம் இல்லத்தில் இயற்கை எய்தினார். அவருக்கு வயது 58. அவர் பெற்ற காப்புரிமைகள் 200க்கும் மேற்பட்டவை. மொகாக் ஆற்றங்கரைக் குடில் மிச்சிகன் மாநிலத்தில் ஹென்றி போர்டு அமைத்த அருங்காட்சியகச் சிற்றூரில் காக்கப்பட்டு வருகின்றது. அவர் பயன்படுத்திய 1914ஆம் ஆண்டு மின்சாரக் காரை யூனியன் கல்லூரியினர் போற்றி வைத்துள்ளனர். பெட்ரோல் இன்றி மின்சாரத்தால் ஓடும் வண்டியை இன்று நாம் புதுமை என்கிறோம். அவரோ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அதில் அமர்ந்து சென்றார்.

ஆனால் அவருடைய மெய்யான நினைவுச்சின்னம் குடிலும் அன்று, வண்டியும் அன்று. பேச்சிப்பாறைக்கு அப்பால் மலைமீது 1970, 1971ஆம் ஆண்டுகளில் இயங்கத் தொடங்கிய கோதையாற்று நீர்மின் நிலையங்களை நினைத்துப் பார்ப்போம். முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் மலைக்காற்றில் சுழலும் காற்றாலைகளை நினைத்துப் பார்ப்போம். அங்குப் பிறக்கும் மின்னாற்றல், மின்மாற்றிகளின் வழியே ஏறியும் இறங்கியும் ஊர்தோறும் வருகின்றது. அவ்வழியிலுள்ள பொறிகளை வகுத்த பொறியாளர் எவராயினும், ஸ்டைன்மெட்ஸ் காட்டிய கணக்கு முறையைக் கற்றவராகவே இருப்பர். பத்மநாபபுரத்தில் ஒரு மாணவன் இரவில் விளக்கேற்றிப் பாடம் படிக்கின்றான் என்றால், அவ்வொளியில் அந்தக் குறுமேனியரின் உழைப்பும் கலந்துள்ளது.

பெரிய தேருக்கு அச்சாணி சிறிதே. ஆயினும் அது கழன்றால் தேர் நகராது. நம் வகுப்பிலும் நம் தெருவிலும் வளர்ச்சி குன்றிய ஒருவர் இருக்கலாம். ஒரு கை சிறுத்தவர் இருக்கலாம். சாய்ந்து நடப்பவர் இருக்கலாம். அவர்களைக் கண்டு நகைப்பவர், துறைமுகத்தில் நின்ற அதிகாரியின் பிழையையே செய்கின்றனர். இரக்கம் காட்டி ஒதுக்கி வைப்பதும் அப்பிழையின் மற்றொரு வடிவமே. அவர்களுக்கு வேண்டுவது ஐக்மேயரைப் போன்று வேலை கொடுப்பவரும், அஸ்முசெனைப் போன்று உடன் நின்று பேசும் தோழரும் ஆவர்.

அரண்மனையின் உருண்டைக் கல் இன்று எவரையும் அளப்பதில்லை, காட்சிப்பொருளாய் நிற்கின்றது. மனிதரை உடலால் அளக்கும் பழக்கமும் அக்கல்லைப் போலவே பழம்பொருளாகட்டும். உருவத்தால் ஒருவரையும் தாழ்வாக எண்ணாது, அறிவையும் அன்பையும் கொண்டே மதிப்போமாக.